சிங்க் டிஸ்போசர்: எச்.பி.யைப் பார்த்து வாங்குவதா, குழாயைப் பார்த்து வாங்குவதா?

சிங்க்குக்கு அடியில் பொருத்தும் கழிவு அரைக்கும் டிஸ்போசர் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "அரை எச்.பி. போதுமா, முக்கால் வேண்டுமா?" என்றுதான். எச்.பி. என்பது மோட்டாரின் குதிரைத்திறன். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இருப்பதும் அந்த எண்தான். ஆனால் டிஸ்போசர் அடைத்துக்கொள்வதற்கும், நாறுவதற்கும், சில வருடங்களிலேயே அடியில் ஒழுகுவதற்கும் எச்.பி. பெரும்பாலும் காரணமாக இருப்பதில்லை. கழிவுக் குழாய் எந்த உயரத்தில் இருக்கிறது, உள்ளறை எந்த உலோகம், மெஷின் எப்படி ஆன் ஆகிறது என்ற மூன்றும்தான் அதன் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. எச்.பி. நான்காவது கேள்வி.

ஒன்றைத் தெளிவுபடுத்திவிடலாம். இதற்குள் மிக்ஸி மாதிரி கத்தி கிடையாது. சுழலும் ஒரு தட்டு, அதன் மேல் தளர்வாக ஆடும் இரண்டு உலோகத் துண்டுகள், சுற்றிலும் பல் வெட்டிய ஒரு வளையம், அவ்வளவுதான். தட்டு சுழலும் வேகத்தில் கழிவு வெளிப்பக்கமாக வீசப்பட்டு, வளையத்தில் உரசித் துருவப்படுகிறது. துருவியதைத் தண்ணீர்தான் அடித்துக்கொண்டு போகிறது. ஐஸ் போட்டால் கத்தி கூர்மையாகும் என்று சொல்வதெல்லாம் சும்மா. கூர்மையாக்க அங்கே எதுவும் இல்லை.

டிஸ்போசரா, வடிகட்டியும் உரத்தொட்டியுமா?

வீட்டுக் கழிவுநீர் செப்டிக் டேங்க்குக்குப் போகிறது என்றால் எங்கள் வாக்கு வடிகட்டிக்குத்தான். அரைத்த உணவு தொட்டியின் அடியில் சேறாகவும், மேலே கொழுப்பு ஆடையாகவும் படியும். வழக்கத்தைவிட அடிக்கடி லாரி வைத்து உறிஞ்ச வேண்டிவரும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் செப்டிக் டேங்க் வைத்திருப்பவர்கள் டிஸ்போசர் உபயோகத்தைக் குறைத்துக்கொள்ளவே சொல்கிறது.

பொதுச் சாக்கடை இணைப்பு இருந்தாலும் உள்ளூர் விதியையும் கட்டட விதியையும் ஒருமுறை பாருங்கள். நியூயார்க் நகரின் பெரும்பகுதியில் வீட்டு டிஸ்போசருக்கு 1997 வரை தடை இருந்தது. பழைய குழாய்கள் தாங்காது என்ற பயம்தான் காரணம்.

வாங்குமுன் குனிந்து பார்க்க வேண்டியவை

சிங்க்கின் துளை ஏறக்குறைய 90 மி.மீ. (மூன்றரை அங்குலம்) இருக்க வேண்டும். சிறிய துளை என்றால் சிங்க் எதனால் ஆனது என்று பாருங்கள். ஸ்டீல் சிங்க்கில் துளையைப் பெரிதாக்க முடியும், பீங்கானில் அந்த விளையாட்டு வேண்டாம்.

அடுத்தது உயரம். டிஸ்போசரின் பக்கவாட்டு வெளியேற்று வாயைவிட, சுவருக்குள் போகும் குழாய் தாழ்வாக இருக்க வேண்டும். ஆழமான சிங்க் என்றால் மெஷினும் அந்த அளவுக்குக் கீழே இறங்கும், வாயும் இறங்கும். சுவர்க் குழாய் மேலே நின்றுவிட்டால் உள்ளறையில் எப்போதும் தண்ணீர் தேங்கும். நாற்றத்துக்கும் துருவுக்கும் பாதி காரணம் இதுதான். எந்தக் கம்பெனி மெஷினை வாங்கினாலும் இது மாறாது. பெட்டியில் உள்ள படத்தில் சிங்க்கின் அடியிலிருந்து வாய்வரை எத்தனை மி.மீ. என்று போட்டிருப்பார்கள். டேப் வைத்து அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

குழாய் வகையிலும் போட்டி இருக்கிறது. வளைந்து நெளியும் சுருக்கக் குழாய் பொருத்தச் சுலபம், ஆனால் ஒவ்வொரு மடிப்பிலும் கூழ் ஒட்டிக்கொள்ளும். அடுத்தது டிராப், அதாவது சாக்கடை நாற்றம் மேலே வராமல் கொஞ்சம் தண்ணீரைத் தேக்கிவைக்கும் பகுதி. பாட்டில் டிராப் இடத்தை மிச்சப்படுத்தும், ஆனால் அதன் அடிக்கிண்ணத்தில் அரைத்த கழிவு வண்டலாக இறங்கிவிடும். டிஸ்போசருக்கு உட்புறம் வழவழப்பான 40 மி.மீ. குழாயும் பி-டிராப்பும் (வளைந்த குழாயாலான டிராப்) தான் சரி. சரிவு மீட்டருக்கு 2 செ.மீ. இருக்கட்டும். ஒரே வரிசையில் இரண்டு டிராப் வைத்துவிட்டால் நடுவில் காற்று மாட்டித் தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கும். டிஸ்போசர் சரியில்லை என்று புகார் வரும் இடங்களில் பழுது பலமுறை இந்த ஒரு முழத்துக்குள்தான் கிடக்கிறது.

திறந்த வாயா, மூடிய வாயா?

தொடர்ந்து போடும் வகையில் ஸ்விட்சைத் தட்டிவிட்டுக் கழிவைப் போட்டுக்கொண்டே இருக்கலாம். மூடி வகையில் கழிவை நிரப்பி, மூடியை வைத்துத் திருகினால்தான் மோட்டார் ஓடும். மூடிதான் ஸ்விட்ச்.

நிறையச் சமைக்கிற வீட்டுக்கு முதல் வகையே வசதி. விலை குறைவு, மாடல் அதிகம், உதிரிபாகமும் சுலபமாகக் கிடைக்கும். குறை என்னவென்றால், ஓடும்போது வாய் திறந்தே இருக்கிறது. ரப்பர் மடல்களுக்கு நடுவே ஒரு ஸ்பூன் நழுவினால் கேட்கிற சத்தம் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்.

சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு மூடி வகைதான் சரி, இதில் எங்களுக்கு இரண்டாவது கருத்தே இல்லை. திறந்த வாய்க்குள் எந்நேரமும் கை போகலாம் என்ற பயமே கிடையாது. தனி ஸ்விட்சுக்கு வயர் இழுக்கும் வேலையும் மிச்சம். பதிலுக்கு, ஒரு ஈடு முடிந்த பிறகுதான் அடுத்த ஈடு. அமுக்கி நிரப்பினால் தட்டு திணறும், அதனால் தளர்வாகத்தான் போட வேண்டும். மூடி தொலைந்தாலோ அதன் காந்தமோ பல்லோ தேய்ந்தாலோ மெஷின் அப்படியே நின்றுவிடும். வாங்கும்போதே மாற்று மூடி தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள்.

மோட்டார்: கனமானதா, வேகமானதா?

இண்டக்‌ஷன் மோட்டார் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்குச் சுமார் 1,425 சுற்று, 60 ஹெர்ட்ஸில் 1,725 சுற்று ஓடும். நிரந்தரக் காந்த மோட்டார் 2,600 முதல் 2,800 வரை போகும். ஒரே எச்.பி. எழுதியிருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல. காந்த மோட்டார் எடுத்த எடுப்பிலேயே முழு வேகம் பிடிப்பதால் லேசான நார் கழிவில் திணறுவது குறைவு. எடையும் குறைவு என்பதால் ஒருவரே ஒரு கையால் தாங்கி மாட்டிவிடலாம். ஆனால் கீச்சென்ற சத்தம் அதிகம், உள்ளே இருக்கும் கார்பன் பிரஷ்கள் தேயும். இண்டக்‌ஷன் மோட்டார் கனம், மாட்டும்போது அடியில் முட்டுக் கொடுக்க வேண்டும். ஆனால் சத்தம் தாழ்ந்தது, தேயும் பிரஷ் இல்லை.

ஓரிருவர் உள்ள வீட்டுக்கு அரை எச்.பி. போதும். நான்கைந்து பேர், தினமும் சமையல் என்றால் முக்கால். ஒரு எச்.பி.க்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி சத்தத்தை அடக்கும் உறைக்கும் இரண்டாம் கட்ட அரைப்புக்கும் போகிறது. அது வேண்டுமென்றால் வாங்குங்கள், வெறும் எண்ணுக்காக வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு எச்.பி. மெஷினை நாங்கள் யாருக்கும் சொல்வதில்லை. வோல்டேஜையும் பார்த்துவிடுங்கள். 120 வோல்ட் மெஷினை 230 வோல்ட்டில் செருகினால் அன்றைக்கே கதை முடிந்தது.

எச்.பி.யில் மிச்சம் பிடிக்கும் காசை உலோகத்தில் போடலாம். துத்தநாகப் பூச்சு போட்ட இரும்பு உள்ளறை மலிவு, ஆனால் பூச்சு தேய்ந்ததும் துரு ஏறும். தட்டின் மேல் ஆடும் அந்த உலோகத் துண்டுகள் ஆடாமல் இறுகிக்கொள்ளும், பிறகு அரைப்பு கரகரக்கும், மெஷின் அதிரும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அரை எச்.பி., பூச்சு போட்ட முக்கால் எச்.பி.யைவிட நல்ல பேரம்.

பொருத்துதல்: மூன்று திருகா, ஒரே திருப்பா?

முதலில் மெயின் பிரேக்கரை இறக்கி, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

மூன்று திருகு முறையில் சிங்க்குக்கு மேலே விளிம்புக் கழுத்து உட்காரும். கீழேயிருந்து வரிசையாக கேஸ்கெட், தாங்கு வளையம் (தட்டைப் பக்கம் மேலே), திருகுகள் உள்ள வளையம், கடைசியில் கழுத்தின் பள்ளத்தில் சிக்கும் ஸ்பிரிங் வளையம். இந்த ஸ்பிரிங் வளையம்தான் பொறுமையைச் சோதிக்கும். மல்லாந்து படுத்துக்கொண்டு, ஒரு கையால் மற்ற மூன்றையும் மேலே தூக்கிப் பிடித்து, மறுகையால் வளையத்தை விரித்து ஏற்ற வேண்டும். ஒரு முனையை முதலில் பள்ளத்தில் மாட்டி, ஸ்க்ரூ டிரைவரால் சுற்றி அழுத்திக்கொண்டே வந்தால் டக் என்று உட்காரும். பிறகு மூன்று திருகையும் மாற்றி மாற்றி, சமமாக இறுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இறுகினால் எதிர்ப்பக்கம் ஒழுகும்.

ஒரே திருப்பு முறையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் மரையைக் கையால் முறுக்கினால் வேலை முடிந்தது, தனி ஆளாகவே செய்துவிடலாம். லேசான காந்த மோட்டாருக்கு இது தாராளம். கனமான இண்டக்‌ஷன் மெஷினுக்கு உலோக மூன்று திருகே மேல். வருடக்கணக்கில் அதிர்வைத் தாங்கப்போவது அந்த வளையம்தான்.

கழுத்துக்கு அடியில் எதைப் பூசுவது? ஸ்டீல் சிங்க் என்றால் பிளம்பர் புட்டி. விரல் தடிமனில், 10-12 மி.மீ. கயிறாக உருட்டி, கழுத்தின் அடிவிளிம்பில் சுற்றி ஒட்டி அழுத்துங்கள். சுற்றிலும் ஒரே மாதிரிப் பிதுங்கி வந்தால் சரியாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். பிதுங்கியதை வழித்துவிட்டு உடனே தண்ணீர் விடலாம். கல், கல்-பிசின் கலவை, பிளாஸ்டிக் சிங்க்குகளுக்கு சிலிக்கான்தான். புட்டியிலுள்ள எண்ணெய் கல்லில் இறங்கினால் அந்தக் கறை போகாது. சிலிக்கான் நன்றாக இறுக ஒரு நாள் விட வேண்டும். இன்னொரு சங்கடம், நாளைக்கு மெஷின் மாற்றும்போது கத்தி வைத்துச் சுரண்ட வேண்டிவரும்.

டிஷ்வாஷர் இருந்தால், அதன் ஹோஸ் மாட்டும் சின்னக் குழாய்க்குள் இருக்கும் பிளாஸ்டிக் அடைப்பை மெஷினை மாட்டுவதற்கு முன்பே ஸ்க்ரூ டிரைவரும் சுத்தியலும் வைத்துத் தட்டிவிட்டு, உள்ளே விழுந்த வில்லையை எடுத்துவிடுங்கள். இதை மறந்துவிட்டு, டிஷ்வாஷரில் தண்ணீர் வடியவில்லை என்று ஆள் கூப்பிடுகிறவர்கள் ஏராளம். டிஷ்வாஷர் இல்லையென்றால் தட்டவே கூடாது, தட்டியது திரும்ப ஒட்டாது.

ஸ்விட்சில், சுவர் ஸ்விட்ச் மலிவு. ஈரக் கையோடு தொட வேண்டியிருக்கும் என்பதுதான் உறுத்தல். காற்று பட்டனில், சிங்க் மேடையிலுள்ள பொத்தானை அமுக்கினால் மெல்லிய குழாய் வழியே காற்றழுத்தம் போய், கீழே உள்ள பெட்டி மின்சாரத்தை விடும். கை படும் இடத்தில் மின்சாரமே இல்லை. வேலை செய்யவில்லை என்றால், முக்கால்வாசி அந்தக் காற்றுக் குழாய் எங்காவது மடங்கியிருக்கும். எதை வைத்தாலும் எர்த் இணைப்பு கட்டாயம்.

தினசரி உபயோகமும் கோளாறும்

முதலில் குளிர்ந்த தண்ணீரைத் திறந்து, மெஷினை ஓடவிட்டு, பிறகு கழிவு. அரைக்கும் சத்தம் நின்ற பின்னும் 15-20 விநாடி தண்ணீர் ஓடட்டும். சுடுதண்ணீர் வேண்டாம். கொழுப்பு உருகி மெஷினைத் தாண்டிப் போய், குழாயின் ஆறிய இடத்தில் உறைந்துகொள்ளும்.

சோளத்தோகை, வாழைத்தோல், செலரி மாதிரி நாருள்ளவை தட்டைச் சுற்றிக்கொள்ளும். வெந்த அரிசியும் பாஸ்தாவும் டிராப்பில் ஊறிப் பசையாகும். காபித்தூள் மெஷினை ஒன்றும் செய்யாது, குழாயில்தான் மணல் மாதிரி படியும். எண்ணெய், பெரிய எலும்பு கூடவே கூடாது.

நாற்றம் வந்தால் பலரும் எலுமிச்சைத் தோலைத்தான் தேடுகிறார்கள். அது மணத்தால் நாற்றத்தை மறைக்குமே தவிர அழுக்கை எடுக்காது. மெயினை இறக்கிவிட்டு, வாயிலுள்ள ரப்பர் மடல்களை மேலே மடித்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். கறுப்பாக வழவழவென்று ஒரு படலம் இருக்கும், நாற்றம் அங்கேதான். பழைய டூத் பிரஷ்ஷும் பாத்திரம் கழுவும் சோப்பும் போதும். பிறகு கொஞ்சம் ஐஸும் கல்லுப்பும் போட்டு ஓட்டினால் வளையத்தில் ஒட்டியது உதிரும். வாரம் ஒருமுறை சிங்க்கைப் பாதி நிரப்பி, மெஷினை ஓடவிட்டு சிங்க் அடைப்பானை உருவிவிட்டால், மொத்தமாக இறங்கும் தண்ணீர் குழாயையும் கழுவிக்கொண்டு போகும். அடைப்பு நீக்கும் ரசாயனத்தை ஊற்றாதீர்கள். ரப்பரையும் உலோகத்தையும் அரிக்கும், அடுத்து டிராப்பைக் கழற்றுகிறவர் கையில்தான் கொட்டும்.

ஆன் செய்தால் உறுமல் மட்டும் கேட்டுச் சுழலவில்லையா? உடனே அணைத்து, மெயினை இறக்குங்கள். டார்ச் அடித்துப் பார்த்து, சிக்கியதை இடுக்கியால் எடுங்கள், கையை விடாதீர்கள். அடியில் நடுத்துளை உள்ள மெஷினில் கால் அங்குல ஆலன் கீயை (அறுகோண முனையுள்ள வளைந்த சாவி) நுழைத்து, இரு பக்கமும் மாற்றி மாற்றித் திருப்பினால் இளகும். துளை இல்லாததற்கு மேலேயிருந்து மரக்கட்டையால் தட்டைத் தள்ள வேண்டும். ஐந்து நிமிடம் ஆறவிட்டு அடியிலுள்ள சிவப்பு ரீசெட் பட்டனை அமுக்குங்கள். பல வாரம் பூட்டிக் கிடந்த வீட்டில், ஸ்விட்ச் போடுவதற்கு முன்பே ஆலன் கீயால் ஒரு கால் சுற்றுத் திருப்பிவிடுவது நல்லது. துருப்பிடித்து ஒட்டியிருக்கும் தட்டோடு மோட்டார் மல்லுக்கட்ட வேண்டியிருக்காது.

ஒழுகினால், காய்ந்த டிஷ்யூ பேப்பரால் மேலிருந்து கீழாக ஒற்றிப் பாருங்கள். கழுத்தில் ஈரம் என்றால் திருகை இறுக்கலாம், இல்லையேல் புட்டியை மாற்றலாம். பக்கத்தில் என்றால் ஹோஸ் கிளாம்ப், அல்லது வெளியேற்று வாயின் கேஸ்கெட். ரீசெட் பட்டனைச் சுற்றி ஈரம் என்றால் உள்ளே மோட்டார் தண்டின் சீல் போய்விட்டது, தண்ணீர் மோட்டாருக்குள் இறங்குகிறது. அதற்கு மேல் அந்த மெஷினில் காசைப் போட வேண்டாம். அதே வகைப் பொருத்து வளையம் உள்ள புதியதை வாங்கினால், கழுத்து துருப்பிடிக்காமல் இருக்கும்பட்சத்தில், பழையதைத் திருகி இறக்கிவிட்டுப் புதியதை அதே வளையத்தில் ஏற்றிவிடலாம்.