ஆர்.ஓ.வும் சாஃப்ட்னரும்: பழுதைப் பிரித்தறிவது

ராதாபுரம், திசையன்விளை வட்டாரத்தில் ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருக்கும் வீடுகளில் மெம்பிரேன் என்னும் நுண்சவ்வால் நீரின் உப்பை வடிகட்டும் ஆர்.ஓ.வையும், நீரின் கடினத்தன்மையைப் போக்கும் சாஃப்ட்னரையும் ஒன்றென்றே பலர் எண்ணுகிறார்கள். சாஃப்ட்னரிலுள்ள ரெசின் மணிகள் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுவதால், நீரின் கடினத்தன்மை போகுமே தவிர மொத்த உப்பு குறையாது, எனவே நீரில் கரைந்துள்ள மொத்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் எண் இறங்கவில்லை என்று அதைக் குறைகூறுவது தவறு. சோப்பு நுரைக்காவிட்டால்தான் கவனிக்க வேண்டும்: ரெசினைப் புதுப்பிக்க உதவும் உப்புத்தொட்டி காலியாக இருக்கலாம், அல்லது உப்பு மேலே பாளமாக இறுகி அடியில் கரையாதிருக்கலாம்.

ஆர்.ஓ.வுக்கோ அந்த மீட்டரே துணை. நீர்வரத்து குறைந்து, டி.டி.எஸ். மாறாதிருந்தால் முதலில், மெம்பிரேனுக்கு முன்னால் அழுக்கைத் தடுக்கும் முன்வடிகட்டியை மாற்றிப் பார்க்க வேண்டும். வரத்து குறையாமல் டி.டி.எஸ். மட்டும் ஏறினால், ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையத்தின் கசிவையோ குளோரின் பட்டுச் சிதைந்த மெம்பிரேனையோ சந்தேகிக்கலாம். இதைப் பாராமல், அடைத்த வடிகட்டிக்காக விலையுயர்ந்த மெம்பிரேனை மாற்றுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

குடிநீரில் டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பதே இந்தியக் குடிநீர்த் தரநிலையான ஐ.எஸ். 10500 ஏற்கும் அளவு என்பதால், உவர்நீரைக் குடிக்க ஆர்.ஓ. தேவை. குளிக்கவும் துவைக்கவும் சாஃப்ட்னரே போதும். நீரைக் கழிவாகக் கொட்டும் ஆர்.ஓ.வை வீடு முழுவதற்கும் வைப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.