ஸ்டூடண்ட்ஸ் நடத்துற டிசைன் கான்ஃபரன்ஸா, பெரிய சங்கத்து கான்ஃபரன்ஸா, இல்ல பேசாம போட்டியா?

இண்டஸ்ட்ரியல் டிசைன், அதாவது ஃபேக்டரில செய்யுற பொருட்கள வடிவமைக்கிறது, படிக்கிற ஜூனியர்ஸ் வருஷா வருஷம் கேக்குற கேள்வி இது. கையில ஒரு ட்ரிப்புக்குத்தான் காசு இருக்கு, லீவும் ரெண்டு மூணு நாள்தான், எதுக்கு செலவு பண்றதுன்னு. மூணையும் ஒரு ரவுண்டு பாத்தாச்சு, அதனால என் கருத்த சொல்றேன், அடிக்க வராதீங்க.

பெரிய சங்கத்து கான்ஃபரன்ஸ்ல மேடை சூப்பரா இருக்கும், அதுல சந்தேகமே இல்ல. ஆனா இந்தத் துறையில சங்கங்களுக்கு வயசு ஜாஸ்தி பாஸ். அமெரிக்காவோட இண்டஸ்ட்ரியல் டிசைனர்கள் சங்கம் ஐடிஎஸ்ஏ 1965ல மூணு அமைப்பு ஒண்ணா சேந்து உருவானது, உலக அளவுல இருக்குற வேர்ல்டு டிசைன் ஆர்கனைசேஷன் (டபிள்யூடிஓ) 1957லயே ஐசிஎஸ்ஐடிங்கிற பேர்ல ஆரம்பிச்சு 2017லதான் இப்ப இருக்குற பேருக்கு மாறுச்சு. அப்ப வர்றவங்கள்ல பாதிப்பேர் ஏற்கனவே ஒருத்தர ஒருத்தர் தெரிஞ்சவங்க, காபி பிரேக்ல அவங்க பழைய கதை பேசிட்டு இருப்பாங்க, நாம கப்ப புடிச்சிட்டு செவுத்தோரமா நிப்போம். டிக்கெட்ல ஸ்டூடண்ட் சலுகை இருக்கலாம், பேச்சுல இருக்காது.

ஸ்டூடண்ட்ஸ் நடத்துறது நேர் எதிர். நான் போனதுல ப்ரொஜெக்டருக்கு சரியான கேபிள் இல்லாம முதல் செஷனே முக்கா மணி நேரம் லேட்டு, ஐடி கார்டுல என் பேரு தப்பு, வால்யண்டியர் பசங்க பாவம் ஓடிக்கிட்டே இருந்தாங்க. பேச்செல்லாம் சுமார்தான், "ஆர்வத்த விட்றாதீங்க" டைப். ஆனா மத்தியானம் போர்ட்ஃபோலியோ ரிவ்யூன்னு, அதாவது நாம செஞ்ச வேலைகள பாத்து கருத்து சொல்றதுக்கு, வரிசையா டேபிள் போட்டு, ஆளுக்கு கால் மணி நேரம் வேலையில இருக்குற டிசைனர் முன்னாடி உக்கார வச்சாங்க பாருங்க, அதுக்கே மொத்த காசும் சரியா போச்சு.

நான் டிசைன் பண்ண ஒரு ஹேர் ட்ரையரோட ஃபோம் மாடல கொண்டு போயிருந்தேன். கீஷாட்டுங்கிற சாஃப்ட்வேர்ல போட்ட ரெண்டரிங், அதாவது நெஜம் மாதிரி இருக்குற படம், பளபளன்னு இருக்கும், அதான் காட்டுனேன். என் டேபிள்ல இருந்த டிசைனர் அத ஒரு செகண்ட் பாத்துட்டு ஒதுக்கி வச்சிட்டாரு, ஃபோம் மாடல கையில எடுத்து அப்படியே திருப்பி "இதுல பார்ட்டிங் லைன் எங்க வருது?"ன்னாரு. மோல்டோட ரெண்டு பாதியும் சேர்ற கோடுதான் அது. எனக்கு பேச்சே வரல. மோல்ட்லேந்து பிளாஸ்டிக் வெளிய வரணும்னா பக்கச்சுவர் லேசா சாஞ்சிருக்கணும், ஒண்ணு ரெண்டு டிகிரி டிராஃப்ட் குடுக்கணும்னு கிளாஸ்ல படிச்சதுதான், ஆனா என் கைப்பிடி ஆரம்பத்துலேந்து கடைசி வரைக்கும் நேர்ச்சுவர், நடுவுல மோல்ட்ல மாட்டிக்கிற மாதிரி ஒரு குழிவு, அண்டர்கட் வேற. பேனாவ எடுத்து மாடல் மேலயே கோடு போட்டாரு, "ரெண்டு ஓடும் இங்க பிரியட்டும்"னு. அந்த கோடு இன்னும் அழியல.

அப்பறம் பக்கத்து டேபிள் பசங்க ஸ்கெட்ச் புக்க வாங்கி பொரட்டுனது தனி ட்யூஷன். அவங்க போட்டு அடிச்சு விட்ட ஐடியாக்கள்தான் நெட்ல எங்கயுமே கெடைக்காது.

போட்டியில, டிசைன், இன்ஜினியரிங் ஸ்டூடண்ட்ஸுக்கான ஜேம்ஸ் டைசன் அவார்டுக்கு தாராளமா போடலாம், என்ட்ரி ஃபீஸ் கெடையாது, உலக அளவுல ஜெயிச்சா 30,000 பவுண்டு, டிசைனோட உரிமையும் நம்மகிட்டயே இருக்கும், படிப்பு முடிச்சு நாலு வருஷம் வரைக்கும் அப்ளை பண்ணலாம். ஆனா அழகான ஷேப் மட்டும் வச்சுட்டு போகாதீங்க, 2016ல ஜெயிச்சது காகிதத்த தேன்கூடு மாதிரி மடிச்சு செஞ்ச சைக்கிள் ஹெல்மெட்டு, 2014ல காத்து ஊதி விரிக்கிற இன்குபேட்டர், ரெண்டுமே ஒரு பிரச்சனைய புடிச்சு வேலை செஞ்சு காட்டுனது. சில போட்டிகள்ல ஜெயிச்ச பிறகும் சர்டிஃபிகேட்டு, புக்குன்னு பில்லு வரும், ரூல்ஸ கடைசி பக்கம் வரைக்கும் படிங்க. போட்டியில பெரிய குறை என்னன்னா, தோத்தா ஏன் தோத்தோம்னு தெரியாது. ஒரு மெயில் வரும், அவ்ளோதான்.

அதனால ரெண்டாவது, மூணாவது வருஷம்னா கண்ண மூடிட்டு ஸ்டூடண்ட் கான்ஃபரன்ஸ், ஆனா ரிவ்யூ டேபிள் இருக்கான்னு முதல்ல கேட்டுக்கோங்க, வெறும் பேச்சுன்னா வேணாம். கடைசி வருஷம், மூணு நாலு ப்ராஜெக்ட் முழுசா கையில இருக்குன்னா பெரிய கான்ஃபரன்ஸ். போட்டிக்கு வீட்லேந்தே போட்டுக்கலாம், அதுக்கும் இதுக்கும் சண்டையே இல்ல.

ஆங், ஃபோம் மாடல பெட்டிக்குள்ள வைக்காதீங்க, கையிலயே வச்சுக்கோங்க. திரும்பி வரும்போது என் ட்ரையரோட மூக்கு ஒடஞ்சே போச்சு.