மலையில் மொரிஸ் மைனர்: முதலில் பிரேக், பிறகு மற்றதெல்லாம்

பழைய மொரிஸ் மைனர் கார் ஒன்றை வாங்கித் தானே திருத்திப் பழகலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் தாராளமாகப் பழகலாம் என்பதுதான். ஆனால் இலங்கை மலைநாட்டில் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் ஓட்டப்போகிறீர்கள் என்றால் வேலையின் வரிசை மாறும். என்னுடையது 1098 சிசி எஞ்சின் உள்ள மைனர் 1000, 1962க்குப் பிறகு வந்த வகை. ஸ்பேனர் பிடித்தே பழக்கமில்லாமல் தொடங்கி, சில வருடங்களில் பிரேக், காபரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்), முன்பக்க சஸ்பென்ஷன் வேலைகளை நானே செய்யும் அளவுக்கு வந்துவிட்டேன். வெல்டிங்கையும் லேத் வேலையையும் மட்டும் வெளியே கொடுக்கிறேன்.

புதியவருக்கு இது ஏன் பொருந்துகிறது என்றால், பொனட்டைத் திறந்ததும் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கைக்கும் எட்டும். ஒரு எஸ்யூ காபரேட்டர், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் ஒரு டிஸ்ட்ரிபியூட்டர், பெட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஒரு டைனமோ, நாலு பிளக், அவ்வளவுதான். வால்வ் இடைவெளி 0.012 அங்குலம், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பொயின்ட் இடைவெளி 0.015 அங்குலம், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் ஒன்று கையில் இருந்தால் இரண்டையும் ஒரு காலைப்பொழுதில் பார்த்துவிடலாம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த இந்தக் காரை 16 லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள், அதனால் ரப்பர் சாமான், வீல் சிலிண்டர், பிரேக் ஷூ எல்லாம் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. பழைய பாகம் வேண்டுமென்றால் பழைய வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போய்த் தேடினால் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்காது.

சரி, பிரேக்குக்கு வருவோம். நாலு சக்கரத்துக்கும் ஒரே ஒயில் லைன்தான். சக்கரத்தில் பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் ஒன்று கசிந்தால் போதும், மிதி தரையோடு போய்விடும், பிறகு மிஞ்சுவது பின்சக்கரங்களைப் பிடிக்கும் கைப்பிரேக் மட்டும். மிதிக்கும்போது ஒயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் எஞ்சின் பக்கத்தில் இல்லை, சாரதியின் காலடியில் தரைக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. விரிப்பைத் தூக்கி மூடியைக் கழற்றினால்தான் ஒயில் அளவே தெரியும். அதனால்தான் பலர் பார்க்காமலே ஓட்டுகிறார்கள். அதைக் கழற்றுவதும் லேசில்லை, முன்பக்க ஸ்பிரிங்காக வேலை செய்யும் டோர்ஷன் பார் என்ற கம்பி அதன் போல்டுக்குக் குறுக்கே நிற்கும், அந்தக் கம்பியை நகர்த்தியாக வேண்டும். புதியவர் இந்த ஒரு வேலைக்கு மட்டும் அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், நம் ஊர் மழைக்கும் மூடுபனிக்கும் கேட்கவே வேண்டாம். டொட் 3 (DOT 3) வகை பிரேக் ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் ஏறியபின் அந்த அளவு 140 வரை இறங்கலாம். நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகக் கண்டிப் பக்கம் இறங்கும்போது மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூட்டில் விரியும், ஷூவில் உள்ள லைனிங்கின் பிடி தளரும், ஒயில் கொதித்து ஆவியானால் மிதி பஞ்சு மாதிரி அமுங்கும். எனக்கு வேலை பழக்கியவர் தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். "தம்பி, எந்த கியர்ல ஏறுனியோ அதே கியர்ல எறங்கு, பிரேக்க கடைசிக்கு வச்சுக்க" என்பார். நான் வருடத்துக்கு ஒருமுறை ஒயிலை முழுதாக மாற்றுகிறேன். டிரம்மிலுள்ள துளை வழியாக ஸ்குரூ டிரைவரை விட்டு ஷூவை நெருக்குவதையும் தள்ளிப்போடுவதில்லை; முன்சக்கரத்தில் இரண்டு அட்ஜஸ்டர் உண்டு, பின்னால் ஒன்று.

அடுத்தது ட்ரனியன். முன்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விவல் பின்னின் மேலும் கீழும் மரை போட்டு இது பொருந்தியிருக்கும். கிரீஸ் இல்லாமல் மரை தேய்ந்தால் ஒருநாள் கழன்று சக்கரம் மடிந்து விழும், அதுவும் பெரும்பாலும் ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது. நம் கொண்டை ஊசி வளைவுகளை நினைத்துப் பாருங்கள். 1000 மைலுக்குள் ஒருமுறை கிரீஸ் கன் பிடிக்கிறேன், ஜாக்கில் தூக்கிச் சக்கரத்தை மேலும் கீழும் ஆட்டிப் பார்க்கிறேன்.

காபரேட்டர் எனக்கு மிகவும் பிடித்துப்போன வேலை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர், அங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு, அதனால் கொழும்பில் டியூன் பண்ணிய கார் மேலே வந்ததும் பெட்ரோல் அதிகமாகிக் கறுப்பாகப் புகையும், பிளக்கில் கரி படியும். எஞ்சின் சூடான பிறகு காபரேட்டர் பிஸ்டனைத் துளியளவு தூக்கிப் பாருங்கள்: வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் கூட, எஞ்சின் அணையப் பார்த்தால் குறைவு, சற்றே ஏறி உடனே இறங்கினால் சரி. அடியிலுள்ள நட்டை மேலே திருகினால் பெட்ரோல் குறையும். மேலே இப்படிக் குறைத்துவிட்டுக் கொழும்புக்கு இறங்குவதானால் மறுபடி சரிசெய்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அங்கே பெட்ரோல் போதாமல் எஞ்சின் சூடேறும்.

மின்சார விஷயத்தில் ஒன்றே ஒன்று. டைனமோ உள்ள கார்களில் பெட்டரியின் பொசிட்டிவ் முனைதான் காரின் உடற்தகட்டோடு இணைந்திருக்கும். இடையில் யாராவது மாற்றியிருக்கவும் கூடும், ஆகவே புது ரேடியோ, எல்இடி பல்ப் எதையும் பூட்டுமுன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கப் போகிறவர்களுக்கு: இதற்குத் தனி செசி (அடிச்சட்டம்) கிடையாது, தகடுதான் பலம். வட்டவளை, கினிகத்தேனை மழையில் நின்ற கார் மேலே பளபளவென்று இருந்தாலும் அடியில் உக்கிப்போயிருக்கலாம். கதவுக்குக் கீழுள்ள சில், ஜாக் வைக்கும் இடம், பின் ஸ்பிரிங் பூட்டும் இடம், மூன்றையும் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். துருவின் மேலேயே புதுத் தகடு வைத்து ஒட்டியிருந்தால் அந்த வெல்டிங் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள், எஞ்சின் நன்றாக ஓடுகிறதே என்று விட்டுவிடாதீர்கள். எஞ்சினைப் பிறகு திருத்திக்கொள்ளலாம்.