ஆட்சியர் அலுவலகம் அருகே ஒரு மனுக்கடை: நான்கு மாத அனுபவம்

இராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகத்துக்கு அருகில், பத்தடி அகல அறையொன்றில் நடக்கும் மனு எழுதித் தரும் கடையைப் பற்றிய மதிப்புரை இது. பெயரை வெளியிட வேண்டாம் என்று கடைக்காரர் கேட்டுக்கொண்டார். கடைப் பலகையிலும் பெயர் கிடையாது. 'தட்டச்சு, ஜெராக்ஸ், மனு' என்று மட்டும் எழுதியிருக்கும். நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரும், கணினியில் தட்டச்சு செய்யும் பெண் ஒருவரும் இருக்கிறார்கள். கடந்த நான்கு மாதங்களில் ஒன்பது முறை அங்கே போயிருக்கிறேன்.

தொண்டிக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியது எங்கள் ஊர். ஊரின் கீழ்ப்புறத்தில், வீடுகளுக்கு மிக அருகே, தனியார் ஒருவர் இறால் பண்ணைக்காகக் குளங்கள் வெட்டத் தொடங்கினார். கடல்நீர் ஏற்றும் குழாய் வந்து இறங்கிய பிறகுதான் நாங்கள் விழித்துக்கொண்டோம். எங்கள் பகுதியில் மணலுக்கு அடியில் இருக்கும் நல்ல தண்ணீர், உப்புநீரின் மேல் மெல்லிய ஏடுபோல மிதந்து நிற்பது. அதனால்தான் ஊற்றுத் தோண்டும் பெண்கள் ஆழமாகத் தோண்டாமல், கொட்டாங்கச்சியால் அள்ளி அள்ளிக் குடத்தை நிரப்புகிறார்கள். அதற்குப் பக்கத்திலேயே மாதக்கணக்கில் கடல்நீரைத் தேக்கி வைத்தால், அது கசிந்து அந்த ஏட்டைக் கெடுத்துவிடும். காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிறதே என்று கேட்பவர்கள், எங்கள் தெருக்குழாயின் முன்னால் ஒரு வாரம் நின்று பார்க்க வேண்டும்.

முதல் நாள் நாங்கள் ஐந்து பேர், நான்கு பக்கத்தில் எழுதிய மனுவோடு போனோம். நாற்றம், பேரழிவு, வாழ்வாதாரம் என்ற சொற்கள் அதில் நிறைய இருந்தன. பெரியவர் முழுவதையும் பொறுமையாகப் படித்துவிட்டு, "தம்பி, நாத்தத்துக்கு சர்வே நம்பர் கிடையாது. உங்க கிணத்துக்கு இருக்கு. அதை எழுதிக்கிட்டு வாங்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அன்றைக்குக் காசு எதுவும் வாங்கவில்லை. எங்களில் ஒருவருக்குக் கோபம்; பேருந்தில் ஏறும்வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

இந்தக் கடையின் தனிச்சிறப்பு இதுதான். வேறு கடைகளில் நாம் சொல்வதை அப்படியே தட்டச்சு செய்து, மேலே 'பொருள்', கீழே 'இப்படிக்கு' என்று சேர்த்துத் தந்துவிடுவார்கள். இவர், மனுவைப் பெறும் அலுவலர் எந்தச் சட்டத்தின் எந்த விதியைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்பதிலிருந்து தொடங்குகிறார். கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும் என்று நாங்கள் கேட்டிருந்தோம். உப்பூர் அனல்மின் நிலையப் பிரச்சினையில் அந்தச் சொல் எங்கள் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் பழகியிருந்தது. 1,600 மெகாவாட் திறனுக்குத் திட்டமிட்ட அந்த நிலையத்தின் சுற்றுச்சூழல் அனுமதியை 2021இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நிறுத்தி வைத்த செய்தியும் எங்களுக்குத் தெம்பு கொடுத்திருந்தது. ஆனால் கருத்துக் கேட்பு என்பது 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் உள்ள தொழில்களுக்குத்தான் என்றும், இறால் பண்ணை அந்தப் பட்டியலிலேயே இல்லை என்றும் அவர் சொன்னபோதுதான் தெரிந்தது. பட்டியலில் இருந்தாலும் எல்லாவற்றுக்கும் கூட்டம் கிடையாதாம். எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளை 2020 ஜனவரியில் கூட்டம் தேவைப்படாத பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். கிடைக்காத கூட்டத்தைக் கேட்டு மனுப் போட்டால், 'விதிகளில் இடமில்லை' என்ற ஒற்றை வரியில் கோப்பை மூடிவிடுவார்கள் என்பது அவருடைய கணக்கு.

இறால் பண்ணைகளுக்கு உரியது 2005ஆம் ஆண்டின் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம். (அதை ஆங்கிலச் சுருக்கத்தில் 'சி.ஏ.ஏ.' என்று எழுத வேண்டாம், எங்கள் கடற்கரை ஊர்களில் அந்த மூன்றெழுத்துக்குக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் என்று வேறு பொருள் இருக்கிறது, வீண் கூட்டம் சேர்ந்துவிடும் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.) ஐந்நூறு பேருக்கு மேல் வாழும் ஊரிலிருந்து 300 மீட்டருக்கு அப்பாலும், குடிநீர் ஆதாரங்களிலிருந்து 100 மீட்டர் தள்ளியும் பண்ணை அமைய வேண்டும் என்று அந்தச் சட்டத்தின்கீழ் வந்த வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. 1996 டிசம்பரில் ஜெகந்நாதன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராகக் கடுமையான தீர்ப்பு அளித்ததும், அதன் பிறகு இந்தச் சட்டம் வந்து நிலைமையை மாற்றியதும் எங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருந்தன. ஆனால் இந்த இரண்டு அளவுகளும் எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

இந்த இடத்தில் அவருடைய பழைய தொழில் கைகொடுத்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பண்ணையின் விண்ணப்ப நகலைக் கேட்க வைத்தார். நகல் வந்தது. அதில் ஊருக்கும் பண்ணைக்கும் இடையே 450 மீட்டர் என்று இருந்தது. பெரியவர் நில அளவுகளைக் காட்டும் புலப்படத்தை விரித்து, அடிக்கோல் வைத்து ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, அந்த அளவு ஊராட்சி அலுவலகத்திலிருந்து எடுக்கப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்தார். இலவச வீட்டுமனைப் பட்டா கொடுத்து உருவான எங்கள் காலனி அலுவலகத்துக்குக் கிழக்கே, கடலை நோக்கி நீண்டு கிடக்கிறது. அதன் கடைசி வீட்டிலிருந்து பண்ணைக் கரைக்கு 300 மீட்டர் வராது. மனுவின் முதல் பத்தி முழுவதும் இந்த ஒரே செய்திதான்: கடைசி வீட்டின் புல எண் (சர்வே நம்பர்), பண்ணையின் புல எண், இரண்டுக்கும் இடையே கூட்டாக அளக்கக் கோரிக்கை. நான்கு பக்க மனு ஒன்றரைப் பக்கமாகச் சுருங்கியது.

கிணற்று நீரைச் சோதிக்கச் சொன்னதும் அவர்தான். தண்ணீர் இன்னும் கெடவில்லையே, எதற்குச் சோதனை என்று கேட்டோம். கெடுவதற்கு முன்னால் எடுத்த அறிக்கைதான் பின்னால் சாட்சி என்றார். சுத்திகரிப்பு இயந்திரம் விற்கும் கடையில் கருவியை முக்கிச் சொல்லும் எண் செல்லாது, குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் தேதியோடு அறிக்கை வாங்குங்கள் என்று அனுப்பினார். கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை என்பது இந்தியத் தரம். எங்கள் இரண்டு கிணறுகளும் இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் இருந்தன. குளத்தில் கடல்நீர் ஏறுவதற்கு முன்பே அந்த அறிக்கை எங்கள் கைக்கு வந்துவிட்டது.

குறைகளும் உண்டு. தட்டச்சு பழைய எழுத்துருவில் செய்யப்படுகிறது. தாளில் அழகாக இருக்கிறது. ஆனால் அதே கோப்பை மின்னஞ்சலில் அனுப்பினால் மறுமுனையில் கிறுக்கலாகத் திறக்கிறது. இணையவழி மனுவுக்கு முழுவதையும் வீட்டில் மறுபடி தட்டச்சு செய்ய நேர்ந்தது. முதல் பிரதியில் வட்டத்தின் பெயரைப் பழைய நினைவில் திருவாடானை என்று போட்டுவிட்டார்கள்; ஆர்.எஸ்.மங்கலம் தனி வட்டமாகிவிட்டது. கையெழுத்து வாங்கும்போது ஒரு மாணவி அதைக் கவனித்திராவிட்டால் மனு வேறு அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். மின்சாரம் போனால் நகல் இயந்திரம் நின்றுவிடும்.

இவற்றைவிடப் பெரிய குறை ஒன்றைச் சொல்ல வேண்டும். எண் இல்லாத எதையும் மனுவில் சேர்க்கப் பெரியவருக்கு மனமில்லை. கரைவலைக்காரர்களும் பாசி எடுக்கப் போகும் பெண்களும் கடலுக்கு நடக்கும் பாதை பண்ணைக் கரைக்குள் போய்விட்டது. அது எங்களுக்குக் கிணற்றுக்குச் சமமான இழப்பு. அதை அவர் முதல் வரைவிலேயே அடித்துவிட்டார். ஒரு கோரிக்கையோடு இன்னொன்றைச் சேர்த்தால் இரண்டும் தாமதமாகும் என்பது அவர் வாதம். எனக்கு அது சரியாகப் படவில்லை. நாங்களே கிராம வரைபடத்தை வாங்கித் தேடியதில், அந்தப் பாதை வண்டிப்பாதையாகப் புள்ளிக்கோட்டில் குறிக்கப்பட்டிருந்தது. வரைபடத்தைக் கொண்டுபோய் மேசையில் வைத்தபோது, பெரியவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "இதை நான் பார்த்திருக்கணும்" என்று மட்டும் சொன்னார். இரண்டாவது மனுவைத் தனியாக எழுதித் தந்தார். அதற்குக் கட்டணம் வாங்கவில்லை.

கட்டணம் நியாயமானது. மனு எழுத 300 ரூபாய், தட்டச்சு பக்கத்துக்கு 40 ரூபாய், நகல் 2 ரூபாய். வெற்றிக்கு உறுதி தருவதில்லை, 'உள்ளே ஆள் தெரியும்' என்று பேசுவதில்லை. கிராம சபைத் தீர்மானத்திலும் புல எண்ணைச் சேர்க்க வேண்டும் என்று கேட்காமலேயே எழுதித் தந்தார். மே 1ஆம் தேதிக் கூட்டத்தில் அந்த வாசகத்தையே நிறைவேற்றினோம். கூட்டு அளவை சென்ற மாதம் நடந்தது. பண்ணையின் விண்ணப்பம் மறுபரிசீலனைக்குத் திரும்பியிருக்கிறது. குழாய் இன்னும் மணலில்தான் கிடக்கிறது.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். போகிறவர்கள் திங்கட்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். அன்று உட்கார இடம் கிடைக்காது, பெரியவருக்கும் முழு மனுவைப் படிக்க நேரமிருக்காது. பட்டா, புலப்படம், கிராம வரைபடம் மூன்றையும் கையோடு கொண்டு போங்கள். கோப்பை ஒருங்குறி (யூனிகோட்) எழுத்துருவில் தரச் சொல்லி முதலிலேயே கேளுங்கள். அந்தப் பெண்ணுக்கு அது தெரியும், கேட்டால்தான் செய்வார்.