பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டிய ஒரு வருஷம்

போன தை மாதம் பத்து அங்குலத் திரையுள்ள டேப் (டேப்லெட்) ஒன்று வாங்கினேன், புத்தகம் வாசிக்க மட்டும். கூடவே எண்பது பக்கக் கொப்பி ஒன்று. தொடங்கின திகதி, முடித்த திகதி, இடையில் விட்டால் ஏன் விட்டேன் என்று அதில் எழுதி வந்தேன். இந்தப் பொங்கலோடு ஒரு வருஷம். கொப்பிக் கணக்குப்படி 27 புத்தகம் தொடங்கி 19 முடித்திருக்கிறேன். ஐம்பது வாசிக்க வேண்டும் என்றுதான் முதல் பக்கத்தில் எழுதியிருந்தேன். மாசியில் வயல் வெட்டுத் தொடங்கியதோடு அந்த எண்ணிக்கையை வெட்டிவிட்டேன்.

எங்கள் வீட்டில் ஒரு காலம் புத்தகம் நிறைய இருந்தது. 2008 கடைசியில், போர் நேரம், முல்லைத்தீவு மாவட்டத்து எங்கள் ஊரான முள்ளியவளையை விட்டு வெளிக்கிடும்போது, அப்பா ஒரு ட்ரங்குப் பெட்டி நிறையப் புத்தகங்களைப் பொலித்தீனில் சுற்றிக் கிணற்றடியில் தாட்டுவிட்டு வந்தார். திரும்பி வந்து கிண்டினால் கட்டின நூலும் கறையான் மண்ணும்தான் கிடந்தன. பிறகு புத்தகம் சேர்க்க எங்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை. டேப்பில் வாசிக்கத் துணிந்ததற்கு அதுதான் காரணம். தாட்டுவைக்கத் தேவையில்லை அல்லவா.

வாசித்ததில் பெரும்பகுதி நூலகம் தளத்தில் இருந்து இறக்கியவை. 2005 இல் தொடங்கிய எண்ணிம நூலகம் அது. ஈழத்துப் புத்தகங்கள், சஞ்சிகைகள், பழைய பத்திரிகைகள் எல்லாம் காசில்லாமல் கிடைக்கின்றன. பக்கங்களை அப்படியே படமாக எடுத்துப் போட்டிருப்பதால், சின்னப் போனில் வாசிக்க முயன்றால் ஒவ்வொரு வரிக்கும் பெருப்பித்து இடமும் வலமும் இழுக்க வேண்டும். முதல் மாதமே எனக்குத் தலையிடி வந்ததும் போனில் முயன்றதால்தான். பத்து அங்குலத் திரையில் அந்தக் கரைச்சல் இல்லை. கரண்ட் நிற்கும் இரவுகளை நினைத்துத் தேவையானதை முன்கூட்டியே இறக்கி வைத்துவிடுவேன். இந்தப் படப் பக்கங்களில் எனக்கு ஒரு தனி ஆசையும் உண்டு. யாரோ பென்சிலால் கோடிட்ட வரி, ஏதோ ஒரு வாசிகசாலையின் மங்கிய ஊதா முத்திரை, ஓரத்தில் தேத்தண்ணிக் கறை. முன்னம் வாசித்தவர் பக்கத்தில் இருப்பதுபோல இருக்கும்.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணையத் தொகுப்பில் பழைய இலக்கியங்கள் படமாக இல்லாமல் தட்டச்சிட்ட எழுத்தாகவே இருப்பதால் வேண்டிய அளவுக்கு எழுத்தைப் பெருப்பிக்கலாம். வைகாசியில் சிலப்பதிகாரத்தை எடுத்தேன். முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் கடல்நீரில் விளக்கெரிந்து, பிறகு வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கல் நடக்கும் மாதம் அது. மூன்று காண்டம், முப்பது காதை. உரையில்லாமல் எனக்கு விளங்காது. மெதுவாகத்தான் போனது. இளங்கோவடிகளின் கண்ணகி வேங்கை மரத்தடியில் நின்று வானேறுகிறாள். எங்கள் ஊர்க் கதையில் அவள் மதுரையை எரித்துவிட்டு இங்கே ஒரு கிழவியாக வருகிறாள். மாடு மேய்க்கிற பெடியள் அவளுக்குக் குடில் போட்டுப் பொங்கிக் கொடுக்கிறார்கள். தலையைப் பார்க்கச் சொல்கிறாள். பார்த்தால் தலை நிறையக் கண்கள். இரண்டு முடிவையும் ஒரே கிழமைக்குள் வாசித்தும் கேட்டும் இருந்தது இந்த வருஷத்தின் பெரிய பாக்கியம். எனக்கு நெருக்கம் அந்தக் கிழவிதான்.

ஆனி தொடக்கம் ஐப்பசி வரை கொப்பியில் ஒரே ஒரு பெயர் திரும்பத் திரும்ப வருகிறது: பாலமனோகரனின் ‘நிலக்கிளி’. 1973 இல் வீரகேசரிப் பிரசுரமாக வந்த நாவல், முல்லைத்தீவு மாவட்டத்துத் தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்டது. என்னுடைய பெரியம்மா தண்ணிமுறிப்பில் வாழ்ந்தவர். 1984 இல் அங்கிருந்த சனத்தோடு எழும்பி வந்தவர். இப்போது கண்ணில் பூ விழுந்து எழுத்துத் தெரியாது. பின்னேரங்களில் விறாந்தையில் இருந்து நாலைந்து பக்கம் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அப்படித் தொடங்கியதும் வாசிப்பின் வேகமே மாறிவிட்டது. மனதுக்குள் வாசிக்கும்போது காட்டு வருணனை வந்தால் நான் தாண்டிப் போகிற ஆள். பெரியம்மா தாண்ட விடமாட்டார்.

“நில் மோனை. அந்தக் குளத்துக் கட்டைப் பற்றிச் சொன்னதைத் திருப்பி வாசி.”

வாசித்தால் கண்ணை மூடிக்கொண்டு, குளக்கட்டில் இருந்து எந்தப் பக்கம் ஆரின் வளவு, எந்தப் பாலை மரத்தில் பழம் இனிக்கும் என்று விரலால் காற்றில் கீறிக் காட்டுவார். நாவலின் நாயகி பதஞ்சலி வருகிற இடங்களில் ஒரு சத்தமும் போடாமல் கேட்பார். ஒருநாள் வாசித்து முடித்து டேப்பை மூடியபோது, “அவள் பாவம். அந்தப் பறவையும் அப்பிடித்தான், உயரப் பறக்காது” என்றார். அன்றைக்குப் பிறகு கொப்பியின் இடப்பக்கத்தில் புத்தகத்தைப் பற்றியும் வலப்பக்கத்தில் பெரியம்மா சொன்னதையும் எழுதினேன். வலப்பக்கம்தான் கெதியாக நிரம்பியது. நாவலை மூன்று தரம் முடித்தோம். 19 என்ற கணக்கில் அது ஒன்றுதான்.

இடையில் விட்டவற்றில் மனம் உறுத்துவது பிரித்தானிய ஆட்சிக்கால அதிகாரி ஜே. பி. லூயிஸ் 1895 இல் ஆங்கிலத்தில் எழுதிய வன்னி மாவட்டங்களின் கைநூல். ஆளவந்தவரின் கண்ணால் எங்கள் குளங்களையும் வயல்களையும் பார்ப்பது முதலில் கசந்தது, வைத்துவிட்டேன். இந்த வருஷம் அதை முடிக்க வேண்டும். அதில் வரும் ஊர்ப் பெயர்களைப் பெரியம்மாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது.

டேப் நன்றாகத்தான் இருக்கிறது, ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் போன கிழமை பெரியம்மா கேட்டார்: “அந்தப் புத்தகத்தைக் கடதாசியில எடுக்கேலாதே மோனை? தலைமாட்டில வைக்க.” ‘நிலக்கிளி’யின் அச்சுப் பிரதி, எந்தப் பதிப்பானாலும், ஆரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, எங்கே என்றாலும் வந்து வாங்கிக்கொள்கிறேன்.