சுவருக்குள் போனதை வைத்துத்தான் மார்க்: ஒரு தனி ஒயரிங் கான்ட்ராக்டரின் வேலை

மதுரைப் புறநகரில் 1,100 சதுர அடி தனி வீடு. இரண்டு படுக்கையறை, சிங்கிள் பேஸ், இன்வெர்ட்டர் உண்டு. சாமான் வாங்குவது வீட்டுக்காரர். கூலி மட்டும் பாயிண்ட் கணக்கில் (விளக்கு, ஃபேன், பிளக் என ஒவ்வோர் இணைப்புக்கும் இவ்வளவு என்று) கான்ட்ராக்ட். எடுத்தவருக்குக் கடை, ஆபீஸ் எதுவும் கிடையாது. உரிமம், ஒரு பைக், உதவிக்கு இரண்டு பையன்கள். வேலைக்கு ஐந்தில் நான்கு கொடுக்கலாம். சுவிட்ச் பிளேட் பளபளப்பைப் பார்த்து இந்தத் தொழிலில் மார்க் போட முடியாது. பூச்சுக்குள்ளும் கூரைத் தளத்துக்குள்ளும் மறைந்துவிட்டதைப் பார்த்துத்தான் போட வேண்டும். அதனால் வேலை நடந்த வரிசையிலேயே எழுதுகிறோம்.

ஆள் எப்படி என்பது கொட்டேஷனிலேயே பாதி தெரிந்துவிட்டது. தனி ஆட்களோடு வரும் சண்டைகளில் பெரும்பாலானவை, எதை ஒரு பாயிண்டாக எண்ணுவது என்பதில் வருபவை. மாடிப்படி விளக்குக்கு மேலும் கீழும் சுவிட்ச் வைத்தால் ஒன்றா, இரண்டா? போர்டிலேயே இருக்கும் 6 ஆம்பியர் பிளக் தனியா? ஏ.சி. பாயிண்டுக்கும் பல்பு பாயிண்டுக்கும் ஒரே ரேட்டா? இவர் அத்தனையையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். காடி (பைப் பதிக்கச் சுவரில் எடுக்கும் பள்ளம்) வெட்டுவது தன் வேலை, அதை அடைப்பது கொத்தனார் வேலை, எர்த் குழி தனிக்கணக்கு என்பதும் அதில் இருந்தது. பணம் நான்கு தவணை: தளப் பைப், சுவர்ப் பைப்பும் பாக்ஸும், ஒயர் இழுப்பு, ஃபிட்டிங். உரிம நகலைக் கேட்டதும் முகம் சுளிக்காமல் கொடுத்தார். ஒயரிங் வேலையை உரிமம் உள்ளவர்தான் செய்யவேண்டும் என்பது விதி. "உரிமம் எல்லாம் எதுக்கு சார்" என்று ஆரம்பிப்பவரை அங்கேயே அனுப்பிவிடலாம்.

தளத்துக்குள் ஒயர் ஓட 25 மி.மீ. பைப், ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளது. அடிக்கம்பி கட்டி முடித்தபின் அதன்மேல் ஓட்டி, கட்டுக்கம்பியால் கட்டினார்கள். ஜாயிண்ட் ஒவ்வொன்றிலும் பசை தடவியிருந்தது. இதில் சோம்பல்பட்டால் கான்கிரீட்டின் சிமெண்ட் பால் பைப்புக்குள் இறங்கி இறுகிவிடும். ஒயர் இழுக்கிற நாள் வரை யாருக்கும் தெரியாது. தெரியும்போது தளத்தைக் கொத்தவும் முடியாது, சீலிங் ஓரமாக வெளியே பட்டை அடித்து ஓட்ட வேண்டியதுதான். ஃபேன் பாக்ஸ் வாய்களைக் காகிதம் வைத்து அடைத்திருந்தார்கள். ஃபேன் மாட்டும் கொக்கி தளக்கம்பியோடு கட்டப்பட்டிருந்தது. கான்கிரீட் போட்ட அன்று ஒரு பையனைத் தளத்திலேயே நிறுத்தி வைத்ததற்கு மட்டும் அரை மார்க் தரலாம். வைப்ரேட்டர் இடித்தும், சட்டி தூக்குபவர்கள் மிதித்தும் பைப் கழன்றுகொள்வது அன்றாடம் நடப்பது. அந்த நிமிஷத்தில் பார்த்தால் ஒட்டிவிடலாம்.

சுவர் வேலையில் குறை சொல்ல அதிகம் இல்லை. கட்டிங் மெஷினில் இரண்டு கோடு போட்டு, நடுவை உளியால் எடுத்தார்கள். வெறும் சுத்தியல் வைத்து அடித்தால் நாலரை அங்குலச் சுவர் மறுபக்கம் பெயர்ந்துவிடும். அந்தச் சுவர்களில் படுக்கைவாட்டில் காடி போட மறுத்து, தளத்திலிருந்து நேராக இறக்கினார். பைப் கொஞ்சம் கூடுதலாகப் போனது, சுவர் பிழைத்தது. காடியின் மேல் கோழிவலை வைத்துப் பூசச் சொன்னார். இல்லாவிட்டால் பைப் போன தடம் பூச்சில் விரிசலாகத் தெரியும். பாக்ஸை எல்லாம் பூச்சுக் கனத்துக்குக் கொத்தனார் வைத்த புள்ளியைப் பார்த்து வைத்தார். பாக்ஸ் உள்ளே புதைந்தால் பிளேட் ஸ்குரூ எட்டாது, வெளியே துருத்தினால் பிளேட் சுவரோடு உட்காராது.

ஒயரில் கணக்குச் சுத்தம். விளக்கு, ஃபேனுக்கு ஒன்றரை, 16 ஆம்பியர் பிளக்குக்கு இரண்டரை, ஏ.சி.க்கும் ஹீட்டருக்கும் நாலு சதுர மி.மீ. ஒரு லைட் சர்க்யூட்டில் 10 பாயிண்டுக்கு மேல் ஏற்றவில்லை. லோடு மீறினால் தானே விழும் சுவிட்சான எம்.சி.பி.யையும் ஒயரைப் பார்த்தே போட்டார்: ஒன்றரைக்கு 10, இரண்டரைக்கு 16, நாலுக்கு 20 ஆம்பியர். எம்.சி.பி. காப்பது ஒயரை. அடிக்கடி விழுகிறது என்று 16-ஐக் கழற்றி 32 போட்டுவிட்டுப் போகிறவர், சுவருக்குள் ஒயர் உருகினாலும் விழாத ஒன்றை மாட்டிவிட்டுப் போகிறார்.

நல்லவரையும் சுமாரானவரையும் பிரிப்பது நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பி வரும் ஒயர். பக்கத்து போர்டிலிருந்து நியூட்ரலைத் தட்டி எடுத்துக்கொண்டால் ஒயர் மிச்சம், நேரமும் மிச்சம், பல்பும் எரியும். ஆனால் ஆர்.சி.சி.பி. என்பது பேஸில் போன கரண்ட் அத்தனையும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று பார்க்கும் கருவி. 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தாலே விழுந்துவிடும். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் நியூட்ரல் கலந்திருந்தால், இன்வெர்ட்டர் பேஸில் போன கரண்ட் மெயின் நியூட்ரலில் திரும்பும், அல்லது நேர்மாறாக. விளக்கைப் போட்டதும் வீடே இருட்டு. "ஆர்.சி.சி.பி. பீஸ் சரியில்லை" என்று சொல்லி அதை பைபாஸ் செய்துவிடுவது பலருடைய வைத்தியம், ஷாக் அடித்தால் உயிரைக் காப்பாற்ற இருந்த ஒரே சாமானும் அத்தோடு போச்சு. இவர் ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் டி.பி.யிலிருந்தே (எம்.சி.பி.க்கள் இருக்கும் பெட்டி) தனி நியூட்ரல் இழுத்தார். இன்வெர்ட்டர் நியூட்ரல்களைச் சேர்த்து முடுக்கத் தனி லிங்க் பட்டை வைத்து, ஒயர் நுனியில் டேப் சுற்றி அடையாளம் போட்டார். அதனால் நியூட்ரலுக்கான கறுப்பு ஒயர் எஸ்டிமேட்டைவிடக் கூடுதலாகப் போனது. அதையும் வாங்கும் முன்னே சொல்லிவிட்டார்.

எர்த், முறைப்படி: 2.5 மீட்டர் ஜி.ஐ. பைப், கரியும் உப்பும், சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி, தண்ணீர் ஊற்ற மேலே ஒரு சின்னத் தொட்டி. கோடையில் அந்தத் தொட்டியில் தண்ணீர் விடுவது வீட்டுக்காரர் வேலை.

முடித்ததும் 500 வோல்ட் மெக்கர் என்ற சோதனைக் கருவி வைத்து, எந்த பல்பும் மாட்டாமல், பேஸ், நியூட்ரல், எர்த் ஒன்றுக்கொன்று இன்சுலேஷன் பார்த்தார். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் எங்கோ ஒயர் உரிந்திருக்கிறது, அல்லது பைப்புக்குள் ஈரம் நிற்கிறது. தனி ஆட்களில் மெக்கர் வைத்திருப்பவர் குறைவு; வைத்திருந்தும் பையிலிருந்து எடுக்காதவர் அதிகம். பிளக் எல்லாவற்றிலும் வலது ஓட்டையில் பேஸ், இடதில் நியூட்ரல், மேலே எர்த் என்று வீட்டுக்காரரை டெஸ்டர் வைத்துப் பார்க்கவும் சொன்னார்.

இனி, போன ஒரு மார்க். முதல் குறை சமையலறை. மேடை மேல் இருந்த மூன்று 16 ஆம்பியர் பிளக்கையும் ஒரே இரண்டரை ஒயர் சர்க்யூட்டில் மாட்டிவிட்டார். 2,000 வாட் இண்டக்ஷன் அடுப்பு ஏறக்குறைய 8.7 ஆம்பியர், 1,500 வாட் கெட்டில் 6.5, மைக்ரோவேவ் ஓடினால் இன்னும் 5 சொச்சம். மொத்தம் 20-ஐத் தாண்டுகிறது. 16 ஆம்பியர் எம்.சி.பி. இதற்கு உடனே விழாது. கொஞ்ச நேரம் தாங்கிவிட்டு, சமையல் பாதியில் விழக்கூடும். அதனால்தான் ஒப்படைத்த அன்று தெரியவில்லை. என்னென்ன மிஷின் வரப்போகிறது என்று காடி வெட்டும் முன் கேட்டிருக்க வேண்டும். சொன்னதும் வந்து பார்த்தார். பெரிய எம்.சி.பி. போடுகிறேன் என்ற பேச்சே எடுக்கவில்லை. 25 மி.மீ. பைப்பில் இடம் இருந்ததால் இண்டக்ஷனுக்குத் தனி சர்க்யூட் இழுத்து, ஒரு பாயிண்ட் கூலி வாங்கிக்கொண்டார். அந்தக் கூலி வாங்கியது சரியா என்பதில் எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து.

இரண்டாவது, ஒயரிங் வரைபடம் எதுவும் தரவில்லை. எந்தச் சுவரில் பைப் எப்படி இறங்குகிறது என்பது அவர் தலையில் மட்டும் இருக்கிறது. டி.பி.யில் எந்த எம்.சி.பி. எதற்கு என்று எழுதியதும் கேட்ட பிறகுதான். பூசும் முன் ஒவ்வொரு சுவரையும் போனில் படம் எடுத்து வைத்திருந்ததால், பின்னாளில் அலமாரிக்கு ட்ரில் போட அது போதுமானதாக இருக்கும்.

மூன்றாவது, தாமதம். பூச்சு முடிந்த வாரத்தில் ஒயர் இழுக்க வருவதாகச் சொன்னவர், இன்னொரு சைட்டில் தளம் போடுவதாகச் சொல்லி இழுத்தடித்தார். போனை எடுக்காமல் இருக்கவில்லை, அது ஒன்றே ஆறுதல். தனி ஆளை வைத்தால் இது கூடவே வரும். பெயிண்டருக்கு நாள் குறிக்கும்போது ஒரு வாரம் தள்ளிக் குறித்துக்கொள்ளுங்கள்.

இவரையோ இவர் மாதிரி ஒருவரையோ வைப்பதானால், சமையலறையிலும் பாத்ரூமிலும் வரப்போகும் மிஷின்களை வாட்டேஜோடு எழுதிக் கொட்டேஷன் தாளிலேயே பின் செய்துவிடுங்கள். கடைசித் தவணையை, இன்வெர்ட்டரை ஓடவிட்டு எல்லா விளக்கையும் போட்டு, ஆர்.சி.சி.பி. டெஸ்ட் பட்டனை ஒரு தடவை அழுத்திப் பார்த்த பிறகு கொடுங்கள்.