முறைப்பாசனத்தைக் கணினியில் ஓட்டிப் பார்க்க: எக்செலா, வலைவழிப் பகிர்வு மாதிரியா?

மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்தால் கடைமடை வரை முறை வைப்பது (வாய்க்கால்களுக்கு மாறி மாறி நீர் விடுவது) எப்படி? ஒரே துறை முடிவெடுக்கிறது என்றால் எக்செல் போதும்; காலையில் எண்களைப் போட்டால் மதியம் விடை. அலகில்தான் கோட்டை விடுவார்கள்: நாளுக்கு 1 டிஎம்சி (நூறு கோடி கனஅடி) என்றால் வினாடிக்குச் சுமார் 11,574 கனஅடி. கோப்பும் நாலு பேரிடம் நாலு பதிப்பாகச் சுற்றும்.

நீர்வளத் துறையும் வேளாண் துறையும் தத்தம் தரவை மற்றவரிடம் ஒப்படைக்காதபோதுதான் பகிர்வு மாதிரி, அதாவது தனித்தனிக் கணினி மாதிரிகள் இணையம் வழியே சேர்ந்து ஓடும் முறை, தேவை. அணை, கல்லணைப் பிரிவு, பயிர்த்தேவை மாதிரிகள் அவரவர் சர்வரில் ஓடும். முடிவெடுப்பவர் பிரவுசரில் பார்ப்பார். தலைவலி நேர ஒத்திசைவு. ஆற்று மாதிரி மணிக்கணக்கில் நகரும், பயிர் மாதிரி நாள்கணக்கில். 'அடுத்த 24 மணி நேரம் என் தேவை மாறாது' என்று பயிர் மாதிரி முன்கூட்டியே உறுதி தராவிட்டால், ஆற்று மாதிரி மணிக்கு மணி அதற்காகக் காத்து நிற்கும். தனித்தனி மாதிரிகளை இணைத்து ஓட்டுவதற்கான ஐஇஇஇ 1516 தரம் இதற்கு விதி வகுத்திருக்கிறது. ஆனால் தஞ்சாவூர் இணைப்பு அறுந்தால் திருவாரூர்த் திரையும் உறைந்துவிடும். அப்போது கடைசி மதிப்பில் ஓடவிட்டு, 'பழைய தரவு' என்று சிவப்பில் காட்டச் சொல்லுங்கள்.

எதுவானாலும் முதலில் கல்லணைக் கணக்கைப் பாருங்கள்: வரத்தும், காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் நான்கின் கூட்டுத்தொகையும் பொருந்த வேண்டும்.